சல்யூட் ஓகே... அரியர்ஸ் எங்கே? முன்னாள் படைவீரர்களுக்காகப் பேசும் தலைவர்களை எப்படி எடைபோடுவது?

ஒவ்வொரு டிசம்பர் 7-ம் தேதியும் என் போனில் ஒரே மாதிரியான போட்டோக்கள் வரிசையாக வரும். மாவட்ட ஆட்சியரின் சட்டையில் ஒருவர் சின்னக் கொடியைக் குத்திவிடுவார். ஆட்சியர் உண்டியலில் பணம் போடுவார். பக்கத்தில் மெடல்களோடு முன்னாள் படைவீரர் ஒருவர் விறைப்பாக நிற்பார். கீழே ‘தேசம் காத்தவர்களுக்கு நம் கடமை’ என்பது மாதிரி ஒரு வரி. நானே டெஸ்க்கில் உட்கார்ந்து அந்த மாதிரி கேப்ஷன் நிறைய எழுதியிருக்கிறேன்.

அந்த போட்டோவைக் கிண்டல் செய்ய இதை எழுதவில்லை. 1949 முதல் கடைப்பிடிக்கப்படும் படைவீரர் கொடிநாள் உண்மையிலேயே பயன்படுகிற ஒரு விஷயம். ஓய்வூதியமே இல்லாத, 65 வயதைக் கடந்த முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்களை இழந்த மனைவிகளுக்கும் மாதாமாதம் ஓர் உதவித்தொகை உண்டு. ஹவில்தார் பதவி வரை இருந்தவர்களுக்கானது. 4,000 ரூபாயாக இருந்த அந்தத் தொகையை 8,000 ரூபாயாக உயர்த்த 2025 அக்டோபரில் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் ஒப்புதல் கொடுத்தார். அந்தப் பணம் வருவது கொடிநாள் நிதியிலிருந்துதான்.

என் கேள்வி வேறு. ‘முன்னாள் ராணுவத்தினரின் குரல்’, ‘வீரர்களின் நண்பர்’ என்று பெயர் வாங்கும் அமைச்சர், எம்.பி., அதிகாரி நிறைய பேர் இருக்கிறார்கள். எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள். இவர்களில் யார் நிஜமாகவே உதவினார், யார் மேடையில் மட்டும் உதவினார் என்று நாம் எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல கேஸ் ஸ்டடி நம்மிடமே இருக்கிறது. ஒரே பதவி ஒரே ஓய்வூதியம். சுருக்கமாக ஓஆர்ஓபி.

முதலில், ஓஆர்ஓபி என்றால் என்ன?

இரண்டு ஹவில்தார்களை நினைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் ஒரே பதவி, ஒரே சர்வீஸ் காலம். ஒருவர் 1995-ல் வெளியே வந்தார், இன்னொருவர் 2010-ல். ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுவதால், ஊதியக்குழு வரவர சம்பளம் ஏறும். பிறகு ரிட்டயர் ஆனவரின் பென்ஷனும் கூடும். பழையவருக்கு அந்த அளவு கூடாது. ஒரே வேலையைச் செய்த இருவருக்கு வேறு வேறு தொகை.

‘இது எல்லா அரசு ஊழியருக்கும் இருப்பதுதானே?’ என்று கேட்கலாம். வித்தியாசம் வயதில் இருக்கிறது. மற்ற அரசு ஊழியர் 60 வயதுவரை சம்பளம் வாங்குவார். ஜவான் அப்படியில்லை. 15 வருட சர்வீஸ் முடித்தால் பென்ஷன் தகுதி வந்துவிடும். பெரும்பாலானவர்கள் முப்பதுகளின் பிற்பகுதியிலோ நாற்பதுகளின் தொடக்கத்திலோ வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் ஸ்கூலில் படிக்கும் வயது அது. அதற்குப் பிறகு எத்தனை ஊதியக்குழு வந்தாலும் அவர் பஸ்ஸை விட்டவர்தான். ஏடிஎம் வாசலிலும் அபார்ட்மென்ட் கேட்டிலும் நீங்கள் தினமும் பார்க்கும் செக்யூரிட்டி அண்ணன்களில் எத்தனை பேர் முன்னாள் ராணுவத்தினர் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள், புரியும்.

வாக்குறுதியின் டைம்லைன்

1973-ல் மூன்றாவது ஊதியக்குழுவுக்குப் பிறகு ராணுவ ஓய்வூதிய முறை மாற்றப்பட்டது. அன்று தொடங்கிய மனக்குறை, 2009-ல் முன்னாள் படைவீரர்கள் தங்கள் மெடல்களைத் திருப்பிக் கொடுக்கும் போராட்டமாக வெடித்தது.

2011 டிசம்பரில் மாநிலங்களவை மனுக்கள் குழு, பகத்சிங் கோஷியாரி தலைமையில், ஓஆர்ஓபி கொடுக்க வேண்டும் என்று அறிக்கை தந்தது. பல கட்சி எம்.பி.க்கள் உட்கார்ந்து எழுதிய அறிக்கை அது. அதில் இருந்த ஒரு வார்த்தை முக்கியம்: பின்னால் வரும் உயர்வுகள் பழைய ஓய்வூதியதாரர்களுக்கும் ‘தானாகவே’ போய்ச் சேர வேண்டும். இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2013 செப்டம்பர். ஹரியாணாவின் ரேவாரியில் முன்னாள் படைவீரர்கள் நிறைந்த பேரணி. பா.ஜ.க.வின் பிரதமர் வேட்பாளராக அறிவிக்கப்பட்ட இரண்டாவது நாளில் நரேந்திர மோடி அங்கே பேசினார். ஓஆர்ஓபி விவகாரத்தைக் கையில் எடுத்தார்.

2014 பிப்ரவரி 17. அன்றைய நிதியமைச்சர் ப.சிதம்பரம் இடைக்கால பட்ஜெட்டில், ஓஆர்ஓபி கொள்கையளவில் ஏற்கப்பட்டுவிட்டது என்று அறிவித்தார். ஒதுக்கிய தொகை 500 கோடி ரூபாய். தேர்தல் முடிந்தது, ஆட்சி மாறியது. ஜூலையில் புதிய நிதியமைச்சர் அருண் ஜேட்லி 1,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்.

ஆக, இரண்டு பெரிய கட்சிகளும் சரி என்று சொல்லிவிட்டன. பட்ஜெட்டிலும் இடம் கிடைத்துவிட்டது. முடிந்ததா? இல்லை. 2015 ஜூன் 15-ல் டெல்லி ஜந்தர் மந்தரில் முன்னாள் படைவீரர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். உண்ணாவிரதம் தொடங்கியது. எழுபது, எண்பது வயதுக்காரர்கள் வெயிலில் மெடல்களோடு உட்கார்ந்திருந்த படங்களை அப்போது கல்லூரிக்குக்கூடப் போகாத நானே டிவியில் பார்த்திருக்கிறேன்.

2015 செப்டம்பர் 5. பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் திட்டத்தை முறையாக அறிவித்தார். 2014 ஜூலை 1 முதல் அமல். 2013-ல் ரிட்டயர் ஆனவர்களின் ஓய்வூதியத்தை வைத்துக் கணக்கு. 5 ஆண்டுக்கு ஒருமுறை மறு நிர்ணயம். ஆண்டுச் செலவு 8,000 முதல் 10,000 கோடி ரூபாய் வரை ஆகும் என்றும் சொன்னார்.

இப்போது கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். 500 கோடி. 1,000 கோடி. அமைச்சரே சொன்ன மதிப்பீடு 8,000 முதல் 10,000 கோடி. அந்த இரண்டு பட்ஜெட் அறிவிப்புக்கும் கைதட்டியவர்களில் எத்தனை பேர் கணக்கைப் பார்த்தார்கள்?

முதல் சோதனை: பணம் இருக்கிறதா?

படைவீரர்களுக்காகக் குரல் கொடுக்கும் தலைவருக்கு நான் வைக்கும் முதல் சோதனை இதுதான். அறிவிப்புக்குப் பின்னால் முடிவு இருக்கிறதா? முடிவுக்குப் பின்னால் பணம் இருக்கிறதா?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பின்னாளில் வழக்கு உச்ச நீதிமன்றம் போனபோது, மத்திய அரசு தன் பிரமாணப் பத்திரத்தில் ஒரு விஷயம் சொன்னது. 2014 பிப்ரவரியில் அன்றைய நிதியமைச்சர் சொன்னது, அன்றைய மத்திய அமைச்சரவை எடுத்த எந்த முடிவின் அடிப்படையிலும் இல்லை என்பதுதான் அது. இது முந்தைய ஆட்சியைப் பற்றி அடுத்த ஆட்சி சொல்வது, அரசியல் இருக்கத்தான் செய்யும். ஆனாலும் நமக்குப் பாடம் ஒன்றுதான். நாடாளுமன்றத்தில் ஒரு அமைச்சர் எழுந்து நின்று சொன்ன வாக்கியமே பின்னால் ‘அது முடிவு இல்லை’ என்று ஆகிவிட முடியும் என்றால், மேடைப் பேச்சுக்கும் எக்ஸ் பதிவுக்கும் என்ன மதிப்பு?

அறிவிப்பு வந்தால் சந்தோஷப்படலாம். அரசாணை வந்த பிறகு நம்பலாம்.

இரண்டாவது சோதனை: தேதி இருக்கிறதா?

ஓஆர்ஓபி கதையின் இரண்டாம் பாதியை அதிகம் பேர் ஃபாலோ செய்யவில்லை. 5 ஆண்டுக்கு ஒருமுறை மறு நிர்ணயம் என்றார்கள் அல்லவா? முதல் ஐந்து ஆண்டு 2019 ஜூன் மாதத்தோடு முடிந்தது. ஆனால் மறு நிர்ணயம் நடக்கவில்லை.

இதற்கிடையே, ‘தானாகவே’ என்ற வார்த்தை எங்கே போனது, ஏன் 5 ஆண்டு காத்திருக்க வேண்டும் என்று முன்னாள் படைவீரர் அமைப்பு உச்ச நீதிமன்றம் போயிருந்தது. 2022 மார்ச் 16-ல் தீர்ப்பு. அரசின் கொள்கையில் அரசியல் சாசனக் குறை எதுவும் இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. முன்னாள் படைவீரர்களுக்கு அது ஏமாற்றம்தான். ஆனால் அதே தீர்ப்பில், 2019 ஜூலை 1 முதல் மறு நிர்ணயம் செய்து, அரியர்ஸை 3 மாதத்துக்குள் கொடுங்கள் என்றும் உத்தரவிட்டது.

மூன்று மாதம் போனது. மேலும் அவகாசம் கேட்கப்பட்டது. 2022 டிசம்பர் 23-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பயனாளிகள் 25 லட்சத்துக்கும் மேல். 2019 ஜூலை முதல் 2022 ஜூன் வரையிலான அரியர்ஸ் மட்டும் 23,638 கோடி ரூபாய். பிறகு 2023 ஜனவரியில், பெரும்பாலானவர்களுக்கு இந்தத் தொகை நான்கு தவணையில் கொடுக்கப்படும் என்று பாதுகாப்பு அமைச்சகம் ஒரு கடிதம் வெளியிட்டது. நீதிமன்றம் கொடுத்த காலக்கெடுவை அமைச்சகமே ஒரு கடிதம் போட்டு எப்படி மாற்றலாம் என்று தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் அமர்வு கடுமையாகவே கேட்டது.

கடைசியில் 2023 மார்ச் 20-ல் அந்த அமர்வு தேதி குறித்தது. குடும்ப ஓய்வூதியம் வாங்குபவர்களுக்கும் வீரதீர விருது பெற்றவர்களுக்கும் ஏப்ரல் 30-க்குள் ஒரே தவணை. 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஜூன் 30-க்குள். மற்றவர்களுக்கு மூன்று தவணையில், 2024 பிப்ரவரி 28-க்குள்.

யாருக்கு முதலில் தேவையோ அவர்களுக்கு முதலில். ஒவ்வொருவருக்கும் ஒரு தேதி. இதற்கு மாலை மரியாதை, ரீல்ஸ் எதுவும் கிடையாது. ஆனால் 2022-ல் வந்திருக்க வேண்டிய பணம் வயதானவர்களின் அக்கவுன்ட்டில் விழுந்தது அந்தத் தேதிகளால்தான்.

2019-க்கும் 2023-க்கும் நடுவில் நான்கு வருடம். நமக்கு அது ஒரு போன் மாற்றும் காலம். எண்பது வயதுக்காரருக்கு அது அப்படியா? அரியர்ஸ் வருவதற்குள் கிளம்பிப் போனவர்களின் கணக்கை எந்தத் தவணையிலும் நேர் செய்ய முடியாது.

மூன்றாவது சோதனை: யார் அலைகிறார்கள்?

இங்கே என் வீட்டுக் கதை ஒன்று சொல்ல வேண்டும்.

எங்கள் சொந்த ஊர் வேலூர் பக்கம். ‘ராணுவப்பேட்டை’ என்றே பெயர் வாங்கிய கம்மவான்பேட்டை இருக்கும் மாவட்டம். இங்கே பட்டாளத்துக்கு ஆள் போகாத தெரு கொஞ்சம்தான். என் பெரியப்பா 17 வருடம் சர்வீஸ் முடித்து ஹவில்தாராக வந்தவர். அதன் பிறகு 20 வருடம் செக்யூரிட்டி வேலை பார்த்தார். அவர் இறந்தபோது பெரியம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வர வேண்டும். வரவில்லை. பதினோரு மாதம்.

காரணம் என்ன தெரியுமா? பெரியப்பாவின் டிஸ்சார்ஜ் புக்கில் பெரியம்மாவின் பெயருக்குப் பின்னால் ‘அம்மாள்’ என்று இருந்தது. ஆதாரில் ‘அம்மாள்’ இல்லை. அவ்வளவுதான். ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்துக்கு அனுப்பியது. அது ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதச் சொன்னது. பிபிஓ நகல் கேட்டார்கள், பார்ட்-2 ஆர்டர் கேட்டார்கள், அஃபிடவிட் கேட்டார்கள். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய பெரியம்மா ஒரு மஞ்சள் பையில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். ஒருநாள் போனில் கேட்டார்: “கண்ணு, அவரு இருக்கும்போது நான்தான் அவரு பொண்டாட்டின்னு யாரும் கேட்டதில்ல. இப்ப போறவங்க வர்றவங்க எல்லாம் கேக்குறாங்களே!”

பதில் சொல்லத் தெரியவில்லை.

கடைசியில் தீர்த்து வைத்தது எந்தத் தலைவரும் இல்லை. ஒரு கிளார்க். பையை வாங்கி, பேப்பரை எல்லாம் வரிசைப்படுத்தி, எது இருக்கிறது, எது இல்லை என்று ஒரு தாளில் எழுதி, கடிதத்தையும் அவரே டைப் செய்து கொடுத்தார். இரண்டு மாதத்தில் பென்ஷன் வந்தது. அவர் போட்டோ எந்தப் பேப்பரிலும் வரவில்லை.

அதனால்தான் மூன்றாவது சோதனை. இந்த முறையில் அலைச்சல் யாருக்கு? நிரூபிக்க வேண்டிய பொறுப்பு யார் தலையில்?

அமெரிக்காவிலிருந்து ஓர் உதாரணம். ஈராக், ஆப்கானிஸ்தானில் ராணுவக் குப்பைகளைத் திறந்த குழிகளில் எரித்த புகையைச் சுவாசித்த வீரர்கள், பின்னாளில் புற்றுநோய், நுரையீரல் நோய் என்று அவதிப்பட்டார்கள். ‘உன் நோய்க்குக் காரணம் அந்தப் புகைதான் என்று நீயே நிரூபி’ என்பதுதான் அதுவரை நிலை. 2022 ஆகஸ்ட் 10-ல் அதிபர் ஜோ பைடன் கையெழுத்திட்ட ‘பாக்ட்’ சட்டம் அதைத் திருப்பிப் போட்டது. பட்டியலில் உள்ள நோய் வந்தால், குறிப்பிட்ட இடங்களில் பணியாற்றியிருந்தால், பணியால்தான் வந்தது என்று அரசே எடுத்துக்கொள்ளும். அந்தச் சட்டமும் சும்மா வரவில்லை. செனட்டில் ஒருமுறை தடைபட்டு, முன்னாள் வீரர்கள் நாடாளுமன்றப் படிகளிலேயே படுத்துப் போராடிய பிறகுதான் வந்தது. அங்கேயும் கைதட்டல் ஒரு பக்கம், ஓட்டு ஒரு பக்கம்தான்.

நம் ஊரிலும் இந்தத் திசையில் முயற்சி நடந்திருக்கிறது. ஊனமுற்றோர் ஓய்வூதியம் போன்ற விஷயங்களில் முன்னாள் படைவீரர்களையே அரசு கோர்ட் கோர்ட்டாக இழுப்பதைக் குறைக்க, 2015-ல் பாரிக்கர் ஒரு நிபுணர் குழு அமைத்தார். அதே ஆண்டிலேயே அறிக்கை வந்தது. என்னைக் கேட்டால், ஓஆர்ஓபி அறிவிப்பைவிட இந்தக் குழு அமைத்ததுதான் ‘நண்பர்’ என்ற பெயருக்குப் பக்கத்தில் வரும் வேலை. தன் துறையே தவறு செய்யலாம் என்று ஒத்துக்கொண்டு ஆரம்பிக்கிற வேலை அது.

தமிழ்நாட்டுக்கும் இதே அளவுகோலை வைக்கலாம். 2024 சுதந்திர தின உரையில் முதல்வர் மு.க.ஸ்டாலின் ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தை அறிவித்தார். முன்னாள் படைவீரர் தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடன், அதில் 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம். நல்ல திட்டம். சோதனை இங்கேயும் அதேதான். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்பதோடு நிற்கக் கூடாது. எத்தனை பேருக்கு வங்கி மேனேஜர் சரி என்றார், எத்தனை கடை ஷட்டர் திறந்தது, அதுவரை கேட்க வேண்டும்.

‘இவ்வளவு பணம் எங்கிருந்து வரும் ப்ரோ?’

நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்க மாட்டேன். 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புத் துறைக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய். அதில் ஓய்வூதியத்துக்கு மட்டும் சுமார் 1.61 லட்சம் கோடி. கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. அந்தப் பணத்தில் நவீன ஆயுதம் வாங்கலாமே என்று சொல்பவர்கள் எல்லாரும் தேசவிரோதிகள் இல்லை. வரி கட்டுபவருக்குக் கணக்கு கேட்கும் உரிமை உண்டு.

ஆனால் கட்டுப்படியாகாது என்றால் அதை முன்கூட்டியே, வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேரும்போது ஒன்றைச் சொல்லி, உழைப்பை வாங்கிக்கொண்டு, கொடுக்கும் நேரத்தில் இழுத்தடிப்பதற்குப் பெயர் சிக்கனம் இல்லை.

இந்தக் கேள்வி தாத்தாக்களோடு முடிகிற விஷயமும் இல்லை. 2022 ஜூன் 14-ல் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டது. நான்கு வருடம் பணி. அதிகபட்சம் 25 சதவீதம் பேர் மட்டுமே நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படுவார்கள். மற்றவர்கள் சேவா நிதியாக சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு வெளியே வருவார்கள். அதில் பாதி அவர்கள் சம்பளத்திலிருந்தே பிடிக்கப்பட்டது. ஓய்வூதியம் கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குப் போன முதல் பேட்ச்சின் நான்கு வருடக் கணக்கு 2026 கடைசியிலும் 2027 தொடக்கத்திலும் முடிகிறது.

அவர்களுக்கு அப்போது வயது இருபதுகளில்தான் இருக்கும். உங்கள் வயது, என் வயது. மத்திய ஆயுதக் காவல் படைகளில் இடஒதுக்கீடு, பல மாநிலங்களில் போலீஸ் வேலையில் முன்னுரிமை என்று அறிவிப்புகள் வரிசையாக வந்திருக்கின்றன. அறிவித்தவர்கள் எல்லாரும் ‘வீரர்களின் நண்பர்கள்’தான். அந்த இளைஞர்கள் பெட்டியோடு ரயிலிலிருந்து இறங்கும் நாளில், அறிவிப்பில் எத்தனை நியமன ஆணையாக மாறியிருக்கும் என்பதுதான் இனி வரும் தேர்வு.

அப்போ நாம என்ன செய்யலாம்?

பெரிய புரட்சி எல்லாம் வேண்டாம். அடுத்த முறை ஒரு தலைவர் முன்னாள் படைவீரர்களுக்காக எதையாவது அறிவித்த செய்தியை ஷேர் செய்யும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எவ்வளவு பணம், எந்தக் கணக்கில்? எந்தத் தேதிக்குள்? விண்ணப்பிப்பவர் எத்தனை வாசல் ஏற வேண்டும்? மூன்றுக்கும் பதில் இருந்தால், எந்தக் கட்சியாக இருந்தாலும் தாராளமாக ஷேர் செய்யுங்கள். இல்லையென்றால் கமென்ட்டில் அந்தக் கேள்வியையே போடுங்கள். எங்களைப் போன்ற டெஸ்க் ஆட்களையும் கேளுங்கள். போட்டோவை மட்டும் போட்டுவிட்டு ஃபாலோ-அப் செய்யாத தவறு எங்கள் மேலும் இருக்கிறது.

உங்கள் தெருவில் ஒரு முன்னாள் படைவீரர் வீடு இருந்தால், இன்னொன்றும் செய்யலாம். டிஸ்சார்ஜ் புக்கிலும் ஆதாரிலும் பெயர், பிறந்த தேதி எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதா என்று அவர் இருக்கும்போதே பார்த்துக் கொடுங்கள், முக்கியமாக மனைவியின் பெயரை. ஆயுள் சான்றிதழை உங்கள் போனில் பதிவு செய்ய உதவுங்கள். அரை மணி நேர வேலை. சிக்கல் இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இப்போதே மனு கொடுக்கச் சொல்லுங்கள். ஆட்சியர் அலுவலகங்களில் இவர்களுக்கென்றே குறைதீர்க்கும் கூட்டமும் நடக்கிறது.

பெரியம்மாவிடம் அந்த மஞ்சள் பை இன்னும் இருக்கிறது. பென்ஷன் ஒழுங்காக வர ஆரம்பித்த பிறகும் தூக்கிப்போடவில்லை. ஏன் என்று கேட்டேன். “திரும்ப எப்ப கேப்பாங்களோ, யாருக்குத் தெரியும்?” என்றார்.

அந்தப் பையைத் தைரியமாகப் பரணில் போட்டுவிடலாம் என்று அவருக்கு எந்த அரசு நம்பிக்கை கொடுக்கிறதோ, அதன் அமைச்சருக்கு நானே கேப்ஷன் எழுதுகிறேன்.